ஒரு நாள் காலி செய்த வீடு

பயம் வந்தால் எனக்கு விக்கல் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு விக்கல்தான். தாலி கட்டும்போது வந்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது. அதற்குப் பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று நினைக்கிறபோதெல்லாம் வந்தது.

வீடு என்றால் மாளிகை ஒன்றும் இல்லை. தேரடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ரயில் பெட்டி மாதிரி நீளமாக நான்கு அறைகள். முன்னால் இரும்புக் கிரில் கேட். பின்னால் புறவாசல், தகரக் கூரைக்குக் கீழே துணி துவைக்கிற கல், ஓரத்தில் கக்கூஸ். புறவாசல் கதவைத் திறந்தால் ஆள் ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய சந்து. அப்பா தன் பேரில் கிரயம் வாங்கிய வீடு. அவர் போன பிறகு, ஒரே பிள்ளை என்பதால் என் கைக்கு வந்தது. கைக்கு மட்டும்தான் வந்தது. கரண்டு அட்டை அப்பா பேரில். வீட்டு வரி அப்பா பேரில். தண்ணீர் வரியும் அவர் பேரில்தான். செத்துப் பதினான்கு வருஷம் ஆகியும் நகராட்சிக் கணக்கில் அப்பா நல்ல ஆரோக்கியமாக இருந்தார். வாரிசுச் சான்றிதழ் வாங்கி எல்லாவற்றையும் பேர் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். கரும்பு தின்று முடிப்பதற்குள் மறந்துவிடும்.

நான் குடியிருப்பது ராஜபாளையத்தில். ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவு. ராஜபாளையம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் நாயைப் பற்றித்தான் கேட்பார்கள். கடிக்குமா, துரத்துமா, திருடனைப் பிடிக்குமா என்று. எல்லாம் செய்யும். அந்தத் தைரியத்தை ஊரில் நாய்களுக்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டதால் எனக்கு மிச்சம் ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் டைப் அடிக்கிற பெண். மனு, புகார், விற்பனை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், எல்லாம் அவர் விரலில் இருந்து விழும். முதல் நாள் வீடு பார்க்க வந்தபோது கூடவே வயதான ஓர் அம்மாவும் வந்திருந்தார். கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"அவர் வேற ஊர்ல வேற வீட்ல இருக்கார்ணே," என்றார் அந்தப் பெண்.

"எம் மகன்தான்," என்றார் அந்த அம்மா. "அவன் சரியில்ல. அதான் நான் இவகூட வந்துட்டேன்."

மாமியாரும் மருமகளும் சேர்ந்து மகனை விட்டுவிட்டு வந்த குடும்பத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேத்தூர்க்கார மாமியார். எதையும் தூக்கிப் போட்டு உடைக்கிற பேச்சு. எனக்குப் பிடித்துவிட்டது. தெருவில் இரண்டு பேர், ஆம்பளை இல்லாத வீடு என்று இழுத்தார்கள். ஆம்பளை இருக்கிற வீட்டு வாடகை எந்த லட்சணத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியும். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஒப்பந்தத்தை அந்தப் பெண்ணே டைப் அடித்தார். பதினோரு மாதம். அதென்ன பதினோரு மாதம் என்று இந்தப் பக்கம் யாரிடமும் கேட்கக் கூடாது. வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் செலவு, அலைச்சல். அதனால் இங்கே வீடுகளுக்கு மட்டும் ஒரு வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான். நிபந்தனைகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மேல்வாடகைக்கு விடக் கூடாது. வீட்டுக்குள் கவுச்சி சமைக்கக் கூடாது. கோயிலைச் சுற்றின தெரு, அப்பா காலத்து வழக்கம்.

அந்தப் பெண்ணின் விரல் கீபோர்டில் நின்றது. "நீங்க சாப்பிடுவீங்களாண்ணே?"

"அது ராஜபாளையத்துல," என்றேன்.

அப்படியே அடித்தார். 'வீட்டினுள் அசைவம் சமைக்கலாகாது.' சமைக்கலாகாது என்று பார்த்தபோது எனக்கே ஒரு கம்பீரம் வந்தது.

பத்து வருஷம் ஒரு சத்தம் இல்லை. ஐந்தாம் தேதிக்குள் வாடகை. பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை புது ஒப்பந்தம், அதையும் அவரே அடித்து இரண்டு பிரதி எடுத்து வைத்திருப்பார். நான் போய்க் கையெழுத்துப் போட்டு, பேருந்து நிலையத்தில் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்புவேன். அந்தப் பெண் கேட்டதெல்லாம் இரண்டே விஷயம். ஒன்று, வாடகைக்கு ரசீது. இரண்டு, புறவாசல் கதவின் தாழ்ப்பாள்.

"அது சரியா விழ மாட்டேங்குதுண்ணே. வெளியிலேருந்து தூக்கித் தள்ளினா திறந்துக்குது. ஒரு ஆசாரியைச் சொல்லி விடுங்க."

"அனுப்புதேன்மா," என்பேன். ஆசாரி என்ற சொல் கேட்டவுடன் கதவு மட்டுமா, நிலை, ஜன்னல், பரண் என்று செலவு வரிசை கட்டி நிற்கும். அனுப்ப மாட்டேன். ரசீதுக்கு வேறு காரணம். அந்தக் காரணத்துக்குப் பெயர் என் மைத்துனன்.

என் மனைவியின் தம்பி ராஜபாளையத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். சட்டம் முழுவதையும் வாட்ஸ்அப்பில் படித்தவன். தன் வீட்டு மாடியை நாலு வருஷமாகப் பூட்டியே வைத்திருக்கிறான். வாடகைக்கு விட்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். இப்போது அங்கே கரையான் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லி தின்றுகொண்டே கேட்டான்.

"அத்தான், வில்லிபுத்தூர் வீட்ல அந்தம்மா வந்து எம்புட்டு வருஷமாச்சு?"

"பதினொண்ணு நடக்கு."

இட்லி அவன் வாய்க்குப் போகாமல் நின்றது. "பன்னிரண்டு முடிஞ்சா வீடு அவியளுக்குத்தான். தெரியும்லா?"

விக்.

"அதுலயும் அந்தம்மா கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிறவங்க. சட்டம் அவங்க விரல்நுனில இருக்கு. நீங்க ரசீது கிசீது குடுத்திருக்கீங்களா?"

"நீதான மாப்ள குடுக்காதன்னு சொன்ன?"

"அது நல்லது. பழைய அக்ரிமெண்டெல்லாம்?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். தொடர்ச்சி காட்டும்னு அதையும் நீதான் சொன்ன."

"ரொம்ப நல்லது. இப்ப ஒண்ணு செய்யுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் காலி பண்ண வைங்க. சாமானெல்லாம் வெளிய வரணும். நீங்க பூட்டிச் சாவியை வாங்கணும். மறுநாள் புதுசா குடி வந்த மாதிரி உள்ள விடுங்க. கணக்கு அறுந்து போயிரும். பொறவு முதல்லேருந்து பன்னிரண்டு எண்ணட்டும்."

என் மனைவி சட்னிக் கிண்ணத்தோடு வந்தாள். "பத்து வருஷமா ஒரு நாள் வாடகை தவறாம குடுத்தவளை நடுத்தெருவுல நிறுத்தப் போறீயளா?" என்றாள். "அவ போயிட்டா உங்களுக்கு அப்படி ஒருத்தி கிடைப்பாளா?"

நான் விக்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு வாரம் தூக்கத்திலும் விக்கினேன். கனவில் அப்பா வந்து, வீட்டு வரி ரசீதைக் காட்டி, இதில் யார் பேர் இருக்கிறது என்று கேட்டார்.

அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லலாம், கரையான் மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்லலாம். கடையில் போய் நின்றவுடன் எல்லாம் மறந்து, "ஒரு நாள் காலி பண்ணணும்மா," என்று வந்துவிட்டது.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பன்னிரண்டு வருஷமாண்ணே?"

விக்.

"மாசம் நாலு பேர் இதையே கேட்டு வாராங்க. வாடகைக்கு இருக்கவங்க எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைக்கு இருக்கவங்கதான். நீங்க இருக்கச் சொன்னதால இருக்கோம், வாடகை குடுக்கோம். அதுல எங்களுக்கு எப்படிப் பாத்தியதை வரும்? அதுக்குத்தான் ரசீது குடுங்கன்னு பத்து வருஷமா கேக்கேன். ரசீது எனக்கில்ல, உங்களுக்கு."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பயந்தவனிடம் நியாயமாகப் பேசினால் அதற்கும் சேர்த்துப் பயப்படுவான். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாளே, முன்னாலேயே தயார் செய்து வைத்திருக்கிறாளோ என்று தோன்றியது.

"ஒரே ஒரு நாள்," என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "சரிண்ணே. ஆனா ஒண்ணு. சாமானை வெளிய எடுத்துட்டா மறுபடி உள்ள வைக்கணுமா வேண்டாமான்னு அப்பத்தான் யோசிப்பேன். எங்க கடைக்காரரோட அக்கா வீடு ஒண்ணு காலியா இருக்கு. தாழ்ப்பாள் நல்லா விழுது."

இதை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை.

குறித்த நாளில், குட்டியானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லோடு வண்டி வீட்டு வாசலில் நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர், தையல் மிஷின், துளசிச் செடி, ஒரு அலமாரி நிறைய ஃபைல். எல்லாம் காலை பத்து மணிக்குள் ஏறிவிட்டது. எதிர்ச்சாரி வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டிலேயே சாய்ந்து தூங்கிப்போனான். மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் கட்டைப்பையை வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

"என்னாச்சு ஆச்சி, காலி பண்ணுதியளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல, வீட்டுக்காரருக்கு விக்கல். வீட்டை வெளிய எடுத்து வச்சா நிக்குமாம்," என்றார் மாமியார்.

தெரு சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெண் சாவியை என் கையில் வைத்தார். "கோர்ட்டுல வேலை இருக்குண்ணே, மதியம் வாரேன். அத்தையைப் பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போனார்.

நான் காலி வீட்டுக்குள் ஒரு தடவை நடந்தேன். சாமான் இல்லாத வீட்டில் செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. இரண்டாவது அறையில் ஒழுகின இடத்தில் யாரோ சிமெண்டு பூசியிருந்தார்கள். நான் பூசவில்லை. சமையலறைக் குழாய் புதிது. நான் போடவில்லை. ஆணி ஒன்றுகூட இல்லை, காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கின அடையாளம் மட்டும் இருந்தது. மேற்கொண்டு பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து வெளியே வந்தேன். கிரில் கேட்டைப் பூட்டி, சாவியைக் கையில் உயர்த்திப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து மைத்துனனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது. விக்கலும் நின்றது. வெற்றிக் களிப்பில் தெருமுனைக்கு டீ குடிக்கப் போனேன்.

அரைமணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் சாய்ந்துகொண்டு என் சித்தப்பா மகன் நின்றான். எனக்குத் தம்பி முறை, சுந்தரபாண்டியத்தில் இருக்கிறவன். நல்லதுக்கும் கெட்டதுக்கும் பார்த்துக்கொள்வோம், மற்றபடி பேச்சு வார்த்தை குறைவு. கிரில் கேட்டில் என் பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு தொங்கியது. புத்தம் புதுசு. விலைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

"என்னலே இது?"

"பூட்டுண்ணே."

"அது தெரியுது. எதுக்கு?"

"காலி பண்ணுதாகன்னு தெருவுல ஒருத்தர் போன் போட்டாரு. வீடு காலியாத்தான கெடக்கு. பெரியப்பாவும் எங்கப்பாவும் ஒண்ணா இருந்த வீடு. பாதி எங்களுக்குன்னு பெரியப்பா வாயால சொன்னதை எங்கப்பா சாகும்போதும் சொல்லிட்டுத்தான் போனாரு. வாடகைக்கு ஆள் இருந்தவரைக்கும் நான் ஒண்ணும் கேக்கல. இருக்கவங்களைக் கிளப்ப முடியாது. இப்ப ஆளில்லாத வீடு. ஓம் பூட்டு ஒண்ணு, எம் பூட்டு ஒண்ணு. பேசி முடிப்போம். இல்லைன்னா கோர்ட்டு முடிக்கட்டும். இருபது வருஷமானாலும் பூட்டு அப்படியே தொங்கட்டும்."

விக்கல் திரும்பி வந்தது. இந்தத் தடவை நெஞ்சுக்குள்ளிருந்து.

நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துபோயிற்று. பதினோரு வருஷமாக யார் வீட்டைப் பிடுங்குவார் என்று பயந்தேனோ, அவர் இருந்ததால்தான் வீடு என்னுடையதாக இருந்திருக்கிறது. காவலை நானே வண்டி பிடித்து வெளியே ஏற்றிவிட்டு, சாவியோடு போட்டோவும் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மைத்துனனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டான். "பங்காளி விவகாரமா? அது வேற சப்ஜெக்ட் அத்தான். செத்த பொறுங்க, பாத்துட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டான். எங்கே பார்ப்பான் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "பூட்டை உடைச்சிராதீங்கண்ணே. தொடவே தொடாதீங்க. நேரம் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. வாரேன்," என்றார்.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. நேராக லோடு வண்டிக்குப் போய் ஃபைல்களுக்குள் கையை விட்டு, நீலப் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

தம்பி அவரிடம் கேட்டான். "எங்கண்ணன் இந்த வீட்டை ஆண்டதுக்கு என்ன ஆதாரம்? வரி ரசீது அவர் பேர்ல இருக்கா? கரண்டு அட்டை இருக்கா?"

கவரை அந்தப் பெண் திறந்தார். உள்ளே பதினோரு ஒப்பந்தங்கள், வருஷ வாரியாக. நான் என் பிரதியைக் கிழித்துப் போட்டேனே, அதற்கெல்லாம் ஜோடி. ஒவ்வொன்றிலும் 'வீட்டு உரிமையாளர்' என்று என் பெயர், அப்பா பெயரோடு. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. அதோடு மாதாமாதம் வாடகை கொடுத்த தேதி அவர் கைப்பட எழுதின நோட்டு. நான் ரசீது தரவில்லை என்பதால் அவரே எழுதி வைத்தது. இந்த உலகத்தில் என்னை வீட்டுக்காரன் என்று சொல்கிற காகிதம் அந்தக் கவருக்குள் மட்டும்தான் இருந்தது. அதை ஏற்றி அனுப்பத்தான் நான் வண்டி பிடித்திருந்தேன்.

தம்பி புரட்டிப் பார்த்தான். முகம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் விடவில்லை. "சரிம்மா, இத்தனை நாள் இருந்தீங்க. இப்ப இல்லைலா? சாமானெல்லாம் வண்டியில இருக்கு. வீடு காலிதான?"

அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் வாசனை வந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அந்தத் தெருவில் அந்த வாசனை வருவதற்கு வழியே இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. தம்பி மூக்கை உறிஞ்சினான்.

"கருவாடா?" என்றான்.

பூட்டிய கேட்டுக்குப் பின்னால் முன்கதவு திறந்தது. மாமியார் கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

"யாருப்பா அது, உள்ள ஆள் இருக்கும்போது வெளிய பூட்டுறது?"

"நீங்க எப்படி உள்ள போனீங்க?" என்று நானும் தம்பியும் ஒரே நேரத்தில் கேட்டோம். பல வருஷத்தில் நாங்கள் ஒற்றுமையாகப் பேசியது அப்போதுதான்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசாகுது. காலையிலேருந்து நடுரோட்டுல உக்காத்தி வச்சிருக்கான். கக்கூசுக்கு எங்க போவேன்? சந்து வழியாப் போயிப் பொறவாசக் கதவைத் தூக்கித் தள்ளினேன், திறந்துக்கிடுச்சு." கரண்டி என் பக்கம் திரும்பியது. "அடுப்பு, சிலிண்டர், சட்டி, கரண்டியெல்லாம் தகரத்துக்கடியிலயே விட்டுட்டுப் போயிருக்கீய. பசிச்சுது. பையில நாலு துண்டு கருவாடு கெடந்துச்சு."

"ஒப்பந்தத்துல," என்று ஆரம்பித்தேன். விக் என்று முடிந்தது.

"எந்த ஒப்பந்தம்? நீதான காலி பண்ணச் சொன்ன? ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு. இன்னைக்கு நான் வாடகைக்காரி இல்ல. எம் இஷ்டம்."

அந்தப் பெண் மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினார். சத்தம் உயரவில்லை. கடைக்கு வருகிறவரிடம் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்கிற குரல்.

"அண்ணாச்சி, வயசானவங்களை வீட்டுக்குள்ள வச்சு வெளிய பூட்டியிருக்கீங்க. பூட்டோட, உங்க வண்டி நம்பரோட போட்டோ இருக்கு. இந்தப் புகாரை நான் மாசத்துக்கு ரெண்டு அடிக்கேன். எந்தப் பிரிவுன்னு மனப்பாடம். இன்னைக்கே ஸ்டேஷன்ல குடுக்கணும்னா அரைமணி நேரத்துல அடிச்சிருவேன்."

தம்பி சாவியைத் தேடினான். சட்டைப் பையில் இல்லை, பேண்டில் இல்லை. அவன் கை நடுங்கியதைப் பார்த்தபோது எங்கள் குடும்பத்தில் பயம் எல்லாருக்கும் சமபங்காகத்தான் வந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒருவழியாக வண்டிக் கொத்திலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைக் கழற்றினான்.

நான் மார்பை நிமிர்த்தி நின்றேன்.

"உங்க பூட்டும்தாண்ணே," என்றார் அந்தப் பெண்.

அவசரமாக என் பூட்டையும் திறந்தேன்.

தம்பி வண்டியை உதைக்கும்போது, கோர்ட்டில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. முன்கூட்டி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது.

"போடுலே கேசு. விக். தாராளமாப் போடு. அப்பா வாங்கின பத்திரம் எங்கிட்ட இருக்கு. இந்த வீட்ல இவியதான் இருப்பாவ. விக். நீ வந்தாலும் இருப்பாவ, உன் வக்கீல் வந்தாலும் இருப்பாவ."

விக்கலோடு சவால் விட்டால் சவால் நன்றாக இருக்காது. தெரு சிரித்தது. சிரிக்கட்டும். விக்கல் நின்ற பிறகுதான் வாய் திறப்பேன் என்று இருந்தால் இன்னும் திறந்திருக்க மாட்டேன்.

அதோடு முடியவில்லை. வண்டிச் சாமான் இறங்கவில்லை. டிரைவர் எழுந்து எந்தப் பக்கம் என்று கேட்டான். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கடைக்காரரின் அக்கா வீடு எனக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன செய்யணும்?"

"இந்தப் பதினோரு மாசமெல்லாம் வேண்டாம். மூணு வருஷம், பதிவு பண்ணி. அதுக்கு முன்ன நீங்க வாரிசுச் சான்றிதழ் வாங்கணும், வரியும் கரண்டும் உங்க பேருக்கு வரணும். மாசாமாசம் ரசீது. ஆசாரி நாளைக்கு வரணும்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "அந்தச் சமைக்கலாகாதை எடுக்கச் சொல்லு."

"அதுவும்," என்றார் மருமகள்.

கோயிலைச் சுற்றின தெரு, அப்பா காலத்து வழக்கம், அடுத்த வீட்டார் முகம், எல்லாம் மனதில் ஓடியது. சாத்தின ஜன்னலைப் பார்த்தேன். என் வீட்டை ஒருவன் பூட்டினபோது அந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கருவாட்டுக்குத்தான் அது மூடிக்கொண்டது.

"எடுத்துருவோம்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

டிரைவரோடு நானும் சேர்ந்துதான் கிரைண்டரை இறக்கினேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு ஏழு தடவை பஸ் ஏறினேன். ஒரு தடவை அப்பாவின் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் தப்பு. ஒரு தடவை என் ஆதாரில் தப்பு. ஒரு தடவை தப்பே இல்லை, அதிகாரி லீவு. அந்தப் பெண் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அடித்துக் கொடுத்தார், கூலி வாங்கிக்கொண்டுதான். "தொழில் வேற, குடியிருக்கது வேறண்ணே," என்றார். ஆறு மாதத்தில் அப்பா நகராட்சிக் கணக்கிலிருந்து முறைப்படி இறந்தார். முதல் வரி ரசீதில் என் பெயரைப் பார்த்தபோது கொஞ்சம் அழுகை வந்தது. அவருடைய பெயர் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு விக்கல் வந்தது. இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்து மேலே ஒரு துள்ளு துள்ளி இறங்கியிருக்கிறது. இது உங்கள் கையெழுத்துதானா என்று அங்கே கேட்டார்கள். ஆமாம், பயத்தில் போட்டாலும் என்னுடையதுதான் என்றேன்.

மைத்துனன் ஒரு மாதம் பேசவில்லை. மூன்று வருஷத்துக்குப் பதிவு பண்ணிக் கொடுப்பதும் தலையைக் கொடுப்பதும் ஒன்று என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினான். தலை என்னுடையது, நான் கொடுப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். தெருவில் கருவாட்டைப் பற்றிப் பேச இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் நின்று பேசினார்கள். அன்றைக்கு என் வீட்டில் இன்னொருத்தன் பூட்டுத் தொங்கினபோது வந்திருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பேன், இப்போது நின்றுகொண்டே பேசுங்கள் என்றேன். தம்பி வழக்குப் போடப் போவதாக இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "வந்தா அடிச்சுக் குடுப்பேண்ணே. ஒரு பக்கம் அடிக்க என்ன ரேட்டோ அதுதான்," என்றார்.

ஆசாரி தாழ்ப்பாளைச் சரி செய்துவிட்டான். நான் பயந்த மாதிரியே நிலை, ஜன்னல், பரண் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்டான். கொடுத்தேன். மாமியார் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து ஒரு தடவை போட்டுக் காட்டி, "இனிமே வீட்டுக்காரனும் முன்வாசல்லதான் வரணும். மணி அடிச்சுட்டு," என்றார். மணி அடித்துவிட்டுத்தான் போகிறேன்.

பன்னிரண்டாம் வருஷம் முடிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த மாத ரசீதை எழுதிக் கொடுத்துவிட்டு முன்னறையில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். மைத்துனன் போன் போட்டான். தேதியைக் குறித்து வைத்திருக்கிறான்.

"அத்தான், பன்னிரண்டு முடிஞ்சுட்டு."

"ஆமா மாப்ள."

"வீடு என்னாச்சு?"

இலையில் மாமியார் இன்னொரு கரண்டி கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். சுவரைப் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன்.

"இங்கதான் இருக்கு," என்றேன். "உன் மாடியில கரையானுக்கு எத்தனை வருஷமாச்சுன்னு எண்ணிப் பாரு. அது ரசீதும் கேக்காது."